விரல் அகல ராஜ்ஜியம்

சுடலைமுத்துவின் விலை ஐயாயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் அவன் பெண்டாட்டி ஜோதிமணி. இடம், ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. மேலே கொட்டை எழுத்தில் ‘காணவில்லை’ என்று அடித்து, நடுவில் ஆதார் அட்டைப் படத்தைப் பொருத்திவிட்டு, கடைக்கார மாதவன் கையை எடுத்துக்கொண்டான். அந்தப் படத்தில் இருந்தவனை யாராவது தேடிப் பிடித்திருந்தால் அது நிச்சயம் வேறு ஆளாகத்தான் இருந்திருக்கும்.

“தக்க சன்மானம்னு போட்டா ஒருத்தனும் நின்னு படிக்க மாட்டான்க்கா. தொகை போடணும்.”

“ஐயாயிரம் போடுங்க.”

“ஐயாயிரமா? போன மாசம் அபார்ட்மென்ட்டுல ஒரு நாய் காணாம போச்சு. நான்தான் அடிச்சுக் குடுத்தேன். அதுக்கே இருபத்தஞ்சாயிரம் போட்டாங்க.”

“அத வெல கொடுத்து வாங்கியிருப்பாவ.”

“அப்ப உங்க ஊட்டுக்காரரு?”

“அவியளையுந்தான். பதினோரு பவுன்.”

பக்கத்தில் நின்ற முனிவேலுக்கு நாக்கு அரித்தது. ஜோதிமணி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர். ராயக்கோட்டை மண்டியில் முப்பது வருஷம் தக்காளி விற்றவர். யாருடைய சரக்கு, யாருடைய பணம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். இரண்டு தொகை காதில் விழுந்தால் நடுவில் புகுந்துவிட வேண்டும்.

“ஏம்மா, அவரு இருபத்தஞ்சு சொல்றாரு, நீ அஞ்சு சொல்ற. நடுவுல வா. பத்து போடு. ஆனா பக்கத்துலயே ‘பேசித் தீர்மானிக்கப்படும்’னு சின்ன எழுத்துல போட்டுக்கோ. கொண்டாந்து நிறுத்தினப்புறம் கொறச்சுக்கலாம்.”

ஜோதிமணி கொஞ்சம் யோசித்தாள். “நாய் கெடச்சுதா?” என்று மாதவனைக் கேட்டாள்.

“அன்னிக்கே. மூணு பேரு மூணு நாயோட வந்து நின்னாங்க.”

“அப்ப ஐயாயிரமே இருக்கட்டும். மூணு புருசனை வச்சுச் சமாளிக்க என்னால ஆவாது.”

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாதவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிரிண்டரைத் தட்டினான்.

ஜோதிமணிக்கும் சுடலைமுத்துவுக்கும் ஊர் சாத்தான்குளம் பக்கம். ஓசூர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் வார்ப்புக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். அவள் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நிரந்தரமில்லாத ஆள். மாநில எல்லையை ஒட்டிய சிக்கசந்திரத்தில் முனிவேலின் வரிசை வீடுகளில் மூன்றாவது அறை அவர்களுடையது. ஒரு காலத்தில் தக்காளி விளைந்த அறுபது சென்டில் முனிவேல் எட்டு அறைகளை வரிசையாகக் கட்டி, மேலே சிமென்ட் ஷீட்டைப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பத்தை நட்டிருந்தார். தக்காளியைப் போல விலை விழுகிற பயிர் அல்ல இது என்பது அவர் கண்டுபிடிப்பு.

தை மாதம் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். சுடலைமுத்து வீட்டில் உட்கார்ந்து மிக்ஸியைப் பழுது பார்த்தான், மிக்ஸியும் நின்றுபோயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், “பூ வேலைக்கு ஆள் எடுக்காவளாம். ரெண்டு நாளுதான். கையில காசு” என்று டீக்கடை முக்கில் நின்ற வேனில் ஏறிப் போனான். அன்று ராத்திரியே போன் அணைந்துவிட்டது. திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. கம்பெனியில் ஜோதிமணி மஞ்சள் ஒயர் போக வேண்டிய இடத்தில் சிவப்பைச் செருகினாள். இந்தக் கார் ஹாரன் அடித்தால் கதவு திறக்கும் என்று சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டு, சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிட்டார்.

வரிசை வீடுகளில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. முனிவேலின் மனைவி சரசம்மாவின் கருத்துதான் கடைசியானது.

“ஆம்பள காணாம போனா ரெண்டே காரணந்தான் ஜோதி. ஒண்ணு கடன், இன்னொண்ணு பொம்பள. உன் ஊட்டுக்காரனுக்கு ரெண்டாவதுக்கு மூஞ்சி பத்தாது.”

“கடனும் இல்லையேக்கா.”

“அப்ப மூஞ்சியப் பத்தி நான்தான் தப்பா நெனச்சுட்டேனோ என்னமோ” என்றாள் சரசம்மா, அக்கறையோடு.

*

நோட்டீஸ் ஒட்டி முடிப்பதற்குள் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஜோதிமணியும் முனிவேலும் பசைச் சட்டியோடு போய் நின்றார்கள்.

புகாரை முன்பே வாங்கிப் பதிவு செய்திருந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. எஸ்.ஐ. பிரியதர்ஷினி வயதில் சின்னவர். ‘உட்காருங்க’ என்று நாற்காலியைக் காட்டிச் சொல்லும் பழக்கம் இன்னும் விட்டுப் போகாதவர். போன் கடைசியாகச் சிக்னல் எடுத்த டவர் எது என்று கேட்டு வாங்கியிருந்தார். அதை வரைபடத்தில் பார்க்கும் பொறுப்பு ஏட்டு மாதேஸ்வரனுடையது.

நிலைய எல்லையைக் காட்டும் பெரிய வரைபடம் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தது. அதன் நகல் ஒன்று மேசைமேல் விரித்திருந்தது. கிராமங்களுக்குப் பச்சை, கம்பெனிகளுக்கு ஊதா, சாலைக்குச் சிவப்பு, கோயிலுக்குக் கோபுரம். மேற்கே ஓர் ஓடை நீலக் கோடாக நெளிந்து இறங்கியது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. வெள்ளையின் நடுவில் ‘கர்நாடகா’ என்று ஒரு சொல் மட்டும், யாரோ பென்சிலை மறந்து வைத்துப் போன மாதிரி கிடந்தது.

ஜோதிமணி அந்த வெள்ளையைப் பார்த்தாள். “அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லியா ஏட்டையா?”

“ஏன் இல்லாம? ஊரு இருக்குது, தோப்பு இருக்குது, மூணு ஒயின் ஷாப் இருக்குது. நம்ம லிமிட்ல இல்ல, அவ்ளோதான்.” மாதேஸ்வரன் வெள்ளைக்குள் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். “டவரு இங்க, தைலமரத் தோப்புக்குள்ள நிக்குது. அது சுத்துவட்டாரத்துல எங்க வேணா இருந்திருக்கலாம் உன் ஊட்டுக்காரரு.”

“சுத்துவட்டாரம்னா எம்புட்டு?”

மாதேஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். காம்பஸ் இல்லை. குடித்து முடித்த டீ டம்ளர் இருந்தது. அதை எடுத்துப் புள்ளியின் மேல் கவிழ்த்து வைத்து எடுத்தார். அடி டீயும் சேர்ந்து இறங்கி, வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்தின் முக்கால் பங்கு வெள்ளையில் கிடந்தது. கால் பங்கு ஓடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

“இந்தக் கால் பங்கை நேத்தே தேடிட்டோம். ஒரு செங்கல் சூளை, ஒரு மாரியம்மன் கோயிலு. பாக்கி முக்காலு அவங்களுது. எஸ்.ஐ. அம்மா லெட்டர் போட்டிருக்காங்க.”

“லெட்டர் எப்ப ஏட்டையா போய்ச் சேரும்?”

“போயிடும்மா. எங்கிட்ட குடுத்தா நானே கொண்டு போய்க் குடுத்துடுவேன். அங்க ஏட்டா இருக்கறது எங்கக்கா ஊட்டுக்காரருதான்.”

முனிவேல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த மனிதர் பசைச் சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “வூட்டுல மாடு கத்திக்கினு இருக்கும்” என்று சொல்லி எழுந்துவிட்டார். அவர் வீட்டில் மாடு இல்லை.

*

அந்தப் பக்கத்து ஏட்டின் பெயர் ரேவண்ணா. எல்லைக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் இவை. கோடு கிழித்தவர்கள் யாரும் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கிழிக்கவில்லை. மாதேஸ்வரன் கடிதத்தோடு ஜோதிமணியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் அவள் போனில் ‘கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம்’ என்று இரண்டு தடவை குறுஞ்செய்தி வந்தது.

“பன்னி பாமைதா, கூத்கொள்ளி” என்று ரேவண்ணா கன்னடத்தில் வரவேற்று மச்சினனுக்கு நாற்காலி போட்டார். அவளைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். “அழாதேம்மா. என்ன ஆச்சு?”

அந்தச் சுவரிலும் வரைபடம் இருந்தது. அதில் ஊர்களெல்லாம் கன்னடத்தில் இருந்தன. தைலமரத் தோப்பு கூட மரம் மரமாக வரையப்பட்டிருந்தது. கிழக்கே ஓர் ஓடை. அதற்கு அப்பால் வெள்ளை. சிக்கசந்திரமும் வரிசை வீடும் ஜோதிமணியின் அடுப்பும் அந்த வெள்ளைக்குள் போயிருந்தன. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சுவர் சில்லென்றிருந்தது.

ரேவண்ணா கடிதத்தைப் படித்தார். “டவரு நம்து. ஒப்புக்கறேன். ஆனா ஆளு நிம்மது, உங்களுது. மிஸ்ஸிங் கேஸும் நிம்மது.”

“வட்டத்துல முக்காலு உங்களுது பாவா.”

“யாவ வட்டம்?”

மாதேஸ்வரன் மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்தார். அக்கா புருஷனாகவே இருந்தாலும் ரேவண்ணா அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

“இது என்ன பாமைதா, இவ்ளோ தொட்டது, இவ்ளோ பெருசு?”

“டம்ளர் வச்சுத்தான் போட்டேன்.”

“தமிழ்நாட்டு டம்ளர்! நீங்க டீயைச் சொம்புல குடிக்கறவங்க. இங்க பாரு.” மேசையில் பைட்டூ காபி குடித்த சின்ன கிளாஸ் ஒன்று இருந்தது. ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டுக் குடிக்கிற ஊர். கிளாஸும் அதற்குத் தகுந்த மாதிரி. ரேவண்ணா தம் வரைபட நகலில் டவரின் மேல் அதைக் கவிழ்த்துச் சுற்றிலும் கோடு போட்டார். வட்டம் தைலமரத் தோப்பைத் தாண்டவில்லை. “தோப்பு பூரா நேத்துதான் நம்ம ஆளுங்க வேற கேஸுக்காகச் சுத்தினாங்க. ஆடு மேய்க்கறவன் ஒருத்தன், நீலகிரி மரம், முடிஞ்சது. உன் ஆளு நம்ம வட்டத்துல இல்ல.”

“கிளாஸ் சின்னதா இருந்தா டவர் சிக்னல் கொறஞ்சிடுமா பாவா?”

“டம்ளர் பெருசா இருந்தா கர்நாடகா பெருசாயிடுமா?”

இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். அக்காவின் சீரில் வராமல் போன ஒரு பீரோவின் ஞாபகம் நடுவில் வந்து, வட்டத்தோடு கலந்தது. ஜோதிமணி இரண்டு நகல்களையும் பார்த்தாள். ஒரு வட்டத்தில் அவள் புருஷன் முக்கால் பங்கு அந்தப் பக்கம். இன்னொரு வட்டத்தில் அவன் எந்தப் பக்கமும் இல்லை.

“ஐயா, ரெண்டு பேருக்கும் கும்பிட்டுக் கேக்கேன். பீரோவை அப்புறம் பேசுங்க. அவியளுக்கு மூக்குல குளிர் ஏறினா மூச்சு இழுக்கும். இந்தப் பனியில எங்கன படுத்துக் கெடக்காவளோ. டம்ளரைச் சின்னதாக்கினாலும் சரி, பெருசாக்கினாலும் சரி, அந்தாளு எங்கனயாச்சும் இருக்காவள்லா?”

ரேவண்ணா தொண்டையைச் செருமினார். “சரிம்மா. நாளைக்கு நான் வர்றேன். ரெண்டு மேப்பையும் சேத்து வச்சுப் பாத்துடுவோம். ஸ்டேஷனுக்கு வர மாட்டேன், லிமிட் பிராப்ளம். ஊட்டுக்கு வர்றேன்.”

“யார் வூட்டுக்கு?”

“சாப்பாடு போடற ஊட்டுக்கு.”

*

அவரைக்காய் சீசன் முடிகிற சமயம். மறுநாள் மதியம் சரசம்மா அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக் குழம்பு வைத்திருந்தாள். தெருவே மணத்தது. பானையில் ராகிக்களி திரண்டு கொண்டிருந்தது. ரேவண்ணா வேட்டி சட்டையில் வந்தார். மாதேஸ்வரன் டியூட்டியில் இருந்ததால் யூனிஃபாரத்தில் வந்து, தொப்பியை மட்டும் கழற்றித் திண்டின்மேல் வைத்தார். முனிவேலை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவர் பின்கட்டிலிருந்து வந்தார்.

கட்டிலின்மேல் இரண்டு வரைபடங்களையும், வெள்ளைப் பகுதியை மடித்துவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மாதேஸ்வரன் கிழக்கிலிருந்து தள்ளினார். ரேவண்ணா மேற்கிலிருந்து தள்ளினார். இரண்டு ஓடைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தலைப்பக்கம் பொருந்தியது. கால்பக்கம் பொருந்தியது. நடுவில் மட்டும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, இரண்டும் வேறு வேறு திசையில் வளைந்து போயின.

“உங்க ஓடை தப்பு பாவா.”

“நம்ம ஓடை சரியா இருக்குது. நிம்ம ஓடைதான் ஓடிப் போச்சு.”

களியை உருட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்த சரசம்மா தலை நிமிராமலேயே சொன்னாள். “ரெண்டும் சரிதான். பழைய ஓடை அந்தப் பக்கம். பெரிய வெள்ளத்துல இந்தப் பக்கம் தாவிச்சு. நடுவுல கெடக்கறது மேடு.”

விஷயம் இதுதான். ரேவண்ணாவின் வரைபடம் பழைய ஓடையோடு நின்றுவிட்டது. மாதேஸ்வரனின் வரைபடம் புது ஓடையோடு நின்றுவிட்டது. நடுவில் இருந்த விரல் அகல நிலம் இரண்டிலும் இல்லை.

வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டியதற்கு மூன்று தலைமுறை கோர்ட்டுக்குப் போகிற சீமை இது. அங்கே இரண்டு ராஜ்ஜியங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்து ஒரு துண்டு நிலத்தை ஒருவருக்கொருவர் தானம் செய்துகொண்டார்கள்.

“அது உங்களுது பாவா. வச்சுக்கோங்க.”

“சேச்சே, பேடா, வேணாம். நிம்மது. மனசார சொல்றேன்.”

“ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்குது. நியாயமா உங்களுக்குத்தான்.”

“ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்குது பாமைதா. ஒரு சென்ட்டு கூட எனக்கு வேணாம்.”

ஜோதிமணி அந்த இடைவெளியில் விரலை வைத்தாள். “இங்கன என்ன இருக்கு?”

“ஒண்ணும் இருக்காதும்மா. காலி எடம்” என்றார் மாதேஸ்வரன்.

சரசம்மா குழம்புக் கிண்ணத்தோடு வந்து, அவள் விரல் இருந்த இடத்தை எட்டிப் பார்த்தாள். “காலி எடமா? நம்ம பூக்கொட்டாய் இருக்கற எடமாச்சே அது. ஏமய்யா?”

களியை மெல்லக் கூடாது. உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். முனிவேல் பிறந்ததிலிருந்து விழுங்கித்தான் பழக்கம். அன்று முதல்முறையாக மென்றார்.

“எந்தக் கொட்டாய்?” என்றார் மாதேஸ்வரன்.

முனிவேல் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு டம்ளர் குடித்தார். பிறகுதான் வாய் திறந்தார். “அது வந்து… யாருக்கும் இல்லாம கெடந்த மேடு. நான்தான் முள்ளு வெட்டிக் கொத்தமல்லி போட்டுக்கினு இருந்தேன். அப்புறம் ஒரு தகரக் கொட்டாய் போட்டேன். காதலர் தினம் வருதுல்ல, பூ கட்டறதுக்கு எடம் வேணும்னு ஒருத்தன் வந்தான். ரெண்டு மாசத்துக்கு வாடகைக்கு விட்டேன்.”

“பட்டா?”

“மேப்புலயே இல்லாத எடத்துக்கு யாரு குடுப்பாங்க பட்டா? ‘இன்ஸ்பெக்சன் வருமா’ன்னு கேட்டான். ‘பிரம்மனே வர மாட்டான்’னு சொன்னேன். அதுக்கே ரெண்டு மடங்கு பேசினேன்” என்றார் முனிவேல். அந்த நிலைமையிலும் பேரத்தை நினைத்தபோது குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளிந்தது.

“பூ வேலை” என்றாள் ஜோதிமணி. “பூ வேலைன்னுதான் போனாவ.”

“ஏமய்யா, நேத்தெல்லாம் அவகூட நோட்டீஸ் ஒட்டினியே!” என்றாள் சரசம்மா.

“வட்டம் போடற வரைக்கும் தோணல சரசு. சத்தியமா. ஆளுங்க யாருன்னு நான் பாக்கவே இல்ல. போட்டப்புறம் லேசா தோணிச்சு. இருக்காதுன்னு சொல்லிக்கினேன்.”

ஜோதிமணி செருப்பைக்கூடத் தேடவில்லை. படியிறங்கி நடந்துவிட்டாள்.

*

கம்பெனித் தண்ணீரின் நுரை ஓடையில் சோப்பு மலை மாதிரி நின்றது. கல் மேல் கால் வைத்து எல்லாரும் தாண்டினார்கள். கரையில் மாதேஸ்வரன் ஒரு நிமிஷம் தயங்கினார். இங்கே அவர் ஏட்டு இல்லை. ரேவண்ணாவும் ஏட்டு இல்லை. “மாமன் மச்சானா போயிடலாம் பாவா” என்றார். மாமனும் மச்சானுமாகப் போனார்கள்.

காட்டாமணக்குப் புதருக்குப் பின்னால் தகரக் கொட்டாய். வெளியே பூட்டு தொங்கியது. உள்ளிருந்து இருமல் கேட்டது. அந்த இருமலை ஜோதிமணி ஆயிரத்தில் கண்டுபிடிப்பாள்.

“கல்லு எடுங்க, ஒடைப்போம்” என்றார் மாதேஸ்வரன்.

“இருங்க, இருங்க, நல்ல பூட்டு” என்று முனிவேல் வேட்டி மடிப்பைத் துழாவினார். ஒரு சாவிக்கொத்து வெளியே வந்தது. “மாத்துச் சாவி. வாடகைக்கு விட்டா ஒண்ணு நம்ம கையில வச்சுக்கறது.”

ஜோதிமணி சாவியைப் பார்த்தாள். அவளோடு பேருந்து நிலையம் முழுக்கச் சுவர் சுவராக நின்று பசை தடவியபோதும் அந்த இடுப்பிலேயே இருந்த சாவி அது. அவள் அதைப் பிடுங்கிப் பூட்டில் நுழைத்தாள். திட்டியிருந்தால் முனிவேலுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கதவு திறந்ததும் ரோஜா வாசம், பூ வாடாமலிருக்கப் போட்ட ஐஸின் குளிரோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. வாளி வாளியாகச் சிவப்பு ரோஜா. ஒவ்வொரு மொட்டுக்கும் வலைத்தொப்பி. இருபது இருபதாக அட்டைக்குள் சுற்றிய கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மூன்று ஆண்கள் ஸ்வெட்டருக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். நாலாவது ஆள் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்தான்.

“வெளிய வாங்க” என்றாள் ஜோதிமணி.

சுடலைமுத்து எட்டிப் பார்த்தான். பத்து விரலிலும் பிளாஸ்திரி. “நீயா? கான்ட்ராக்டர்னு நெனச்சேன். இன்னிக்குக் கட்டு கொறஞ்சிபோச்சு.”

அவள் போய் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அடுத்த அறைக்கு ஓங்கிய கையை அப்படியே அவன் நெஞ்சில் வைத்து மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தாள். “இழுக்குதே. நான் சொன்னேம்லா, இழுக்குதே.”

“ரெண்டு நாளுன்னுதான் கூப்பிட்டான். போனையெல்லாம் ஒரு பையில வாங்கிட்டான். பதினாலாந்தேதி வரைக்கும் இருந்தாத்தான் கூலி, நடுவுல போனா ஒண்ணும் கெடையாதுன்னுட்டான். பூட்டிட்டுப் போயிருவான். பூ எடுக்க வரும்போது சோறு கொண்டாருவான்.”

“கத்தக் கூடாதாய்யா?” என்றார் மாதேஸ்வரன்.

“கத்துனோம் சார். ‘இது பார்டருக்கு அந்தப் பக்கம், உங்க போலீஸ் வராது’ன்னான். அப்ப எந்தப் பாசையில கத்தணும்னு ஒரு நாள் பூரா எங்களுக்குள்ள சண்டை. இவங்க ரெண்டு பேரும் தெலுங்குல கத்துனாங்க. நான் கன்னடத்துல கத்துனேன்.”

“உனக்குக் கன்னடம் தெரியுமா?” என்றார் ரேவண்ணா.

“‘ஊட்டா ஆய்த்தா’ மட்டும் தெரியும் சார்.”

பூட்டிய கொட்டாய்க்குள்ளிருந்து ‘சாப்பிட்டாச்சா’ என்று ஒருவன் அலறிக்கொண்டிருந்தால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

ரேவண்ணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே பூட்டிய கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாமைதா, பூட்டிட்டுப் போனவனை விடக் கூடாது” என்றார். “யார் லிமிட்ல புடிக்கறதுன்னு அப்புறம் பாப்போம்.” பூ எடுக்க வந்த வேன் தூரத்திலேயே யூனிஃபாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அது எந்தப் பக்கம் ஓடினாலும் ஓர் ஏட்டு இருந்தார். ரேவண்ணா போனை எடுத்து வேன் நம்பரைச் சொன்னார்.

*

சாயங்காலம் எஸ்.ஐ. பிரியதர்ஷினியின் மேசைக்கு முன்னால் எல்லாரும் நின்றார்கள். முனிவேல் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை அவர் இரண்டு தடவை படித்தார். “இரண்டு பக்கத்து சர்வேயரும் நாளைக்கு வராங்க. அதுவரைக்கும் நீங்க ஊரை விட்டுப் போகக் கூடாது.”

“எந்த ஊரை விட்டும்மா?” என்று கேட்டுவிட்டு, சரசம்மாவின் பார்வையைக் கண்டு முனிவேல் அடங்கினார்.

கொட்டாயில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் சிங்காரப்பேட்டைக்காரர்கள், அண்ணன் தம்பி. பிடிபட்ட வேனிலிருந்து போன் கைக்கு வந்ததும் வீட்டுக்குப் பேசினார்கள். “பதினஞ்சாந்தேதி வருவோம்னு சொல்லிட்டுத்தான் வந்தோம் மேடம். எங்களை யாரும் தேடல” என்றார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாவது சுடலைமுத்து. நாலாவது சுக்ரா முண்டா.

அவனுக்கு முப்பது வயது இருக்கலாம். ஜார்க்கண்ட். மழைக்காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பியவன். கேரளாவுக்கு என்று சொல்லிக் கூட்டிவந்தவன் சேலத்திலேயே வேறொருவனிடம் கைமாற்றி விட்டான். போன் தொலைந்ததோடு வீட்டு நம்பரும் தொலைந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரில் ஜார்க்கண்டில் பதினேழு ஊர் இருப்பதாக எஸ்.ஐ.யின் போன் சொன்னது. படத்தை விரித்து அவன் கையில் கொடுத்தார். அவன் பயபக்தியோடு ஒரு விரலை வைத்தான். படம் நழுவி வங்காள விரிகுடாவுக்குப் போயிற்று. திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தமுறை ஒரு பச்சைத் திட்டில் விரலை வைத்து, “கர்” என்றான். வீடு. எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தத் திட்டு பச்சையாகவே இருந்தது.

மாதேஸ்வரன் பேனாவை மூடினார். “காணாம போனவரு கெடச்சாச்சு. கேஸ முடிச்சிடலாம். இவன் பேர்ல புகாரே இல்லையே மேடம். ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்து ரயில்ல ஏத்திடலாம்.”

“எந்த ஊருக்கு ஏட்டையா டிக்கெட்?” என்றாள் ஜோதிமணி. “கூடவே கெடச்சாவள்லா. அவியளையும் கெடச்சதா எழுதுங்க.”

“காணாமயே போகாதவனை எப்படிம்மா கெடச்சதா எழுதறது?”

“காணாம போகாமலா அங்கன கெடந்தாவ?”

“போயிருக்கான்மா. ஆனா யாரும் வந்து சொல்லணும்ல?”

ஜோதிமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுடலைமுத்து அவள் தோளைத் தொட்டு, “வா, போவோம். மூச்சு முட்டுது” என்றான். அவள் கேட்கவில்லை. “அப்ப நான் சொல்லுதேன். எழுதுங்க. சுக்ரான்னு ஒருத்தரைக் காணோம்.”

மாதேஸ்வரன் எஸ்.ஐ.யைப் பார்த்தார். பிரியதர்ஷினி வாயில் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எழுதுங்க ஏட்டையா” என்றார்.

“புகார்தாரருக்கு என்ன உறவு?”

“எம்புருசன்கூட ஒரே சாக்குல படுத்தவரு.”

“கடைசியா எங்க பாத்தீங்க?”

ஜோதிமணி திரும்பி, சுவரோரம் பெஞ்சில் இருந்தவனைப் பார்த்தாள். “இந்தா, அங்கன உக்காந்து பன்னைப் பிச்சுக்கிட்டு இருக்காவ.”

“அப்ப உடனே கெடச்சிட்டாருன்னு போட்டு முடிச்சிடவா?” என்றார் மாதேஸ்வரன், நம்பிக்கையோடு.

“முடிக்காதீங்க” என்றார் பிரியதர்ஷினி. “கிடைச்சதா எழுதினா ஃபைலை மூடிடுவாங்க. காணோம்னு இருந்தாத்தான் ராஞ்சிக்குப் படம் போகும். அவங்க பதினேழு ஊருக்கும் அனுப்பி, ‘இவரைத் தெரியுமா’ன்னு கேட்கணும். வீடு தெரியற வரைக்கும் இவரு காணாமப் போனவராவே இருக்கட்டும். நம்ம லிமிட்டுக்குள்ளேயே.”

“அதுவரைக்கும் எங்க மேடம் வச்சுக்கறது?”

“லைன்ல ஏழாம் நம்பர் ரூம் காலியாத்தான் இருக்குது” என்றாள் சரசம்மா. முனிவேல் வாயைத் திறந்தார். “வாடகை பேசின, பாத்துக்கோ” என்றாள். அவர் மூடிக்கொண்டார்.

வாசல் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. மாதேஸ்வரன் சாக்பீஸை எடுத்து, இந்த மாதத்து வரியை எச்சில் தொட்டு அழித்து, நிதானமாகத் திருத்தி எழுதினார். பலகைக்கு நேர் கீழே, பெஞ்சின் ஓரத்தில், சுக்ரா முண்டா கடைசித் துண்டுப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு, தன் தலைக்கு மேல் என்ன எழுதுகிறார்கள் என்று அண்ணாந்து பார்த்தான்.

காணாமல் போனவர்: இரண்டு. கிடைத்தவர்: ஒன்று. நிலுவை: ஒன்று.